சாவி கொடுப்பவரும் ஒரு தடவை வெளியூர் போய் வரட்டும்

(இருக்கன்குடியில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடி கடைசி வெள்ளிக்கு இந்த ஊர் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கமிருந்து நடந்தே வருகிறார்கள். அர்ஜுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து சேர்ந்து, "அண்ணாச்சி, தண்ணி எங்க கிடைக்கும்?" என்று கேட்டாலும் யாராவது ஒருத்தர் கை காட்டுவார். ஆபீஸ் நேரம் முடிஞ்சுபோச்சு, திங்கட்கிழமை வாங்கன்னு யாரும் சொல்வதில்லை.

என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி, மேல்படிப்புக்கு ஜெர்மனி போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினாள். விடுதியில் அறை பதிவாகியிருந்தது, பணமும் கட்டியாகிவிட்டது. ஆனால் சாவி கொடுக்கும் அலுவலகத்துக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. அந்த விவரம் அவளுக்கு வந்த மின்னஞ்சலோடு இணைத்திருந்த கோப்பில், நாலாவது பக்கத்தில் இருந்திருக்கிறது. ரெண்டு பெட்டியோடு ரயில் நிலையத்தில் ராத்திரியைக் கழித்தாள். அங்கிருந்தே வீட்டுக்கு போன் போட்டு, "ரூமுக்கு வந்துட்டேம்மா, நல்லா இருக்கு" என்று சொன்னாள்.

மறுநாள் காலை சாவி கொடுத்தவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாராம். "அவசர எண் ஒன்று கொடுத்திருந்தோமே, ஏன் கூப்பிடவில்லை?" என்று கேட்டிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. தெரியாத ஊரில், புரியாத மொழியில், சிம் கார்டுகூட இல்லாமல் ரெண்டு பெட்டியோடு அவர் நின்றதில்லை, அவ்வளவுதான். நம் பிள்ளைகள் ராத்திரி நேரத்தில் ஒரு அதிகாரியைக் கூப்பிடத் தயங்குவார்கள் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு வழியை வெளிநாடுகளில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். விடுதி அலுவலரையே வெளிநாட்டுக்கு அனுப்புவது! ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டம் 1987இல் மாணவர்களுக்காகத் தொடங்கியது. இன்று அதன் கீழ் பேராசிரியர்கள் மட்டுமல்ல, பல்கலைக்கழக அலுவலகப் பணியாளர்களும் வேறொரு நாட்டுக்குப் போய், 2 நாள் முதல் 2 மாதம் வரை இருந்து வேலை கற்றுக்கொண்டு வரலாம். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழக மாணவர்களுக்கான விடுதியையும் உணவகத்தையும் பெரும்பாலும் நடத்துவது பல்கலைக்கழகம் இல்லை. ஷ்டூடீரெண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு. வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் அங்கே போகிற தம்பி தங்கச்சிகள் பழகிக்கொள்ளுங்கள், அறைக்கு விண்ணப்பம் போட வேண்டியது அங்கேதான். பிரான்சில் இதே வேலையைச் செய்வது குரூஸ் என்ற அமைப்பு. இந்த இரண்டு நாட்டு அமைப்புகளும் தங்கள் பணியாளர்களை ஒருவரிடம் ஒருவர் அனுப்பிக் கற்றுவரச் செய்கின்றன.

போய் என்ன கற்றுக்கொள்வார்கள்? பெரிய பாடம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பக்கத்து அறைக்காரர் பேசுவது புரியாது. துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்த நாணயம் போடுவது என்று தெரியாது. ஒரு படிவத்தை மூன்று தடவை படித்தும் எங்கே கையெழுத்துப் போடுவது என்று விளங்காது. அந்த ஒரு வாரம் பட்டுவிட்டு வந்து தன் மேசையில் உட்கார்ந்தால், சாவி வாங்கும் நேரத்தை நாலாவது பக்கத்தில் போடத் தோன்றாது. முதல் வரியில் போடத் தோன்றும்.

நம்ம ஊர் அடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கடுகும் வரமிளகாயும் போட்டால் ஒரு நெடி வருமில்லையா? அங்கே விடுதி அறையில் அந்தப் புகைக்கே தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும். கட்டடம் முழுக்க வெளியே வந்து குளிரில் நிற்கும், சில இடங்களில் அபராதமும் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றவும் சாம்பிராணி போடவும் பல விடுதிகளில் அனுமதி இல்லை. பட்டாசு ஆலைகள் நிறைந்த பகுதியில் வளர்ந்த உங்களுக்கு நெருப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அந்த மாணவி அலட்சியத்தால் செய்யவில்லை, அவள் வீட்டில் சமையல் என்றாலே தாளிப்பில்தான் முடியும் என்பது ஒரு நம்மூர் சமையலறையில் பத்து நிமிஷம் நின்ற அலுவலருக்குத்தான் புரியும். அவர் அபராதச் சீட்டை நீட்டுவதற்கு முன்னாடி, முதல் நாளே, "ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தாளி" என்று சொல்லிவிடுவார்.

இந்த விஷயத்தில் நம்மவர் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே வேலை பார்த்திருக்கிறார். கே.டி. பால், 1876இல் சேலத்தில் பிறந்தவர். இந்தியாவில் ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். அப்போது லண்டனுக்குப் படிக்கப் போன நம் மாணவர்களுக்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. நிறத்தைப் பார்த்தே கதவைச் சாத்தினார்கள். 1920இல் அவர் முயற்சியால் அங்கே இந்திய மாணவர்களுக்கென்று ஒரு விடுதி தொடங்கியது. ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இன்றும் அது இருக்கிறது, நம் சாப்பாடும் கிடைக்கிறது.

சரி, நாம் போகிற கதையை மட்டும் பேசினால் போதுமா? இதே விருதுநகர் மாவட்டத்தில், கிருஷ்ணன்கோயில் கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களுக்கு நாம்தான் அந்த ஜெர்மனி அலுவலர். "சரி சரி" என்று நாம் தலையாட்டுவது ஆமாவா இல்லையா என்று தெரியாமல் அவர்கள் முழிப்பார்கள். 2024 அக்டோபரில் நம் அரசு, கனவு ஆசிரியர் விருது பெற்ற ஆசிரியர்களைப் பாரிசுக்கு அழைத்துப் போனது. நல்ல காரியம். அந்தப் பட்டியலில் ஒருநாள் விடுதிக் காப்பாளரும் விடுதிச் சமையலரும் வர வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளை சாப்பிட்டதா, அழுததா என்று முதலில் கவனிப்பது அவர்கள்தானே.

வீட்டு மாடியை வெளிநாட்டு மாணவருக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள், சி படிவம் என்று எல்லோரும் சொல்லும் தகவலை இணையத்தில் பதிய வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. மாவட்டத்தில் இதற்கான அலுவலர் காவல் கண்காணிப்பாளர். "பையன் நல்ல பையன்தான், எதுக்குப் பதிவு?" என்று விட்டுவிடாதீர்கள். பதியாமல் விட்டால் விசா நீட்டிப்பில் சிக்கிக்கொள்வது அந்தப் பையன்தான்.

இனி வெளியே போகிறவர்களுக்கு. நம் நாட்டிலிருந்து வெளிநாட்டில் படிக்கிறவர்கள் 13 லட்சம் பேருக்கு மேல் என்பது 2024ஆம் ஆண்டுக் கணக்கு. அத்தனை பேரையும் புரிந்துகொள்ளும் அளவுக்கு எல்லா விடுதி அலுவலரும் ஊர் சுற்றி வந்திருக்க மாட்டார்கள். அதனால் நீங்களே கேட்டுவிடுங்கள். டிக்கெட் போடும் முன் விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பி, நான் இந்தக் கிழமை இத்தனை மணிக்கு வருகிறேன், சாவி யார் தருவார் என்று கேளுங்கள். பதில் வராமல் பணத்தைக் கட்டி டிக்கெட் போடாதீர்கள். அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்கும் முன் சுவர், ஜன்னல், அடுப்பு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், காலி செய்யும்போது முன்பணத்தைத் திரும்ப வாங்க அதுதான் சாட்சி. ஜெர்மனி என்றால் குடிபோன 2 வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு விடுதி தரும் சான்று தேவை, சாவியோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

பெரிய சிக்கல் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதியலாம். நம் மாநிலத்தில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை இருக்கிறது. பிள்ளை போன் எடுக்கவில்லை என்று இங்கே தவிக்கிற அம்மா அப்பாவும் கூப்பிடலாம். இந்தியாவுக்குள் கட்டணமில்லா எண் 1800 309 3793. வெளிநாட்டிலிருந்து +91 80 6900 9900. +91 80 6900 9901 என்ற எண்ணும் இருக்கிறது.

பின்னாடி உட்கார்ந்திருக்கிற அம்மா இன்னும் எழுதிக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்காக இன்னொரு தடவை மெதுவாகச் சொல்கிறேன்: 1800... 309... 3793.