காய்ச்சல் என்று எழுதிய லீவ் லெட்டர்

(மே 28, மாதவிடாய் சுகாதார தினத்தையொட்டி நமது கிளப் ஹவுஸில் நடந்த கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை பேசியது.)

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களுக்கு ஒரு வணக்கம்.

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் உண்டு. பல வருடம் அதை, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஒருநாள் கடைசி பெல் அடித்தும் ஒரு மாணவி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. பாவாடையில் கறை. பார்த்த இரண்டு பையன்கள் சிரித்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து லீவ் லெட்டரோடு வந்தாள். 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தது. நானும் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு; பாடத்தை நடத்தாமல் விட்டவள் நான்தானே!

அடுத்த வருடம் பையன்களையும் உட்கார வைத்தே நடத்தினேன். முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் சந்தேகம் கேட்டார்கள்.

வயதுக்கு வந்த முதல் இரண்டு, மூன்று வருடம் பலருக்குத் தேதி ஒழுங்காக இருக்காது. வகுப்பிலேயே திடீரென்று வந்துவிடும். பாத்ரூம் போகக் கூச்சப்பட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சிறுநீர்த் தொற்று வர அதுவும் ஒரு காரணம்.

நாப்கினுக்கு இருந்த ஜி.எஸ்.டி. 2018-லேயே போய்விட்டது. அதைச் சுற்றித் தரும் கறுப்புக் கவர்தான் இன்னும் போகவில்லை. வீட்டில் 'தீட்டு', 'தொடாதே' என்று கேட்டு வளரும் பெண், பள்ளியில் எப்படி வாய் திறப்பாள்?

மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப் போனதைப் பார்த்து, "என்ன அது?" என்று கேட்டார் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். குறைந்த செலவில் நாப்கின் தயாரிக்கும் இயந்திரம் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. ஊர் கேலி செய்த அவருக்கு 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம்மால் முடிந்தது மூன்று. கிளப் ஹவுஸ் பாத்ரூமில் அவசரத்துக்கு நாப்கினும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் வைப்போம். நம் வீடுகளில் வேலை செய்பவர்களும் அவர்கள் பெண்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ளட்டும். பயன்படுத்தியதைப் பேப்பரில் சுற்றி, தனியாகக் கொடுப்போம். துப்புரவுப் பணியாளரின் கையும் கைதான். மூன்றாவது, மகனிடமும் பேசுவோம்.

அடுத்த முறை மகளுக்கு லீவ் லெட்டர் எழுதும்போது உள்ளதையே எழுதுங்கள். வலி தாங்காமல் மாதாமாதம் லீவ் போடுகிறாள் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் என்று மட்டும் எழுதாதீர்கள்.