ஆளுக்கு எவ்வளவு புகை?



போன வாரம் பூமி சூடாவதைப் பற்றிப் படித்தோம். நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிந்தால் கரியமில வாயு வருகிறது. அது காற்றில் சேர்ந்து, சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பாடம் முடிந்ததும் ஒரு அக்கா கேட்டார், "இது யார் செய்த குற்றம்?" என்று. இதே கேள்விக்காக நம் தில்லியில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. கோர்ட்டில் அல்ல, காகிதத்தில்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நோட்டை எடுங்கள்.

ஒரு தெருவில் 2 வீடுகள். பெரிய வீட்டில் 2 பேர். தினம் 6 கூடை குப்பை போடுகிறார்கள். சின்ன வீட்டில் 8 பேர். அவர்கள் போடுவது 4 கூடை. மொத்தம் 10 கூடை. குப்பை வண்டி 5 கூடையை அள்ளிப் போகிறது. மீதி 5 கூடை தெருவில் நாறுகிறது. அது யாருடைய குப்பை?

அவரவர் போட்டதில் வண்டி பாதியை அள்ளியது என்று வையுங்கள். பெரிய வீட்டின் மீதி 3. சின்ன வீட்டின் மீதி 2. இருவரும் குற்றவாளிகள்.

வண்டி 10 பேருக்கும் பொது, ஆளுக்கு அரைக் கூடை என்று வையுங்கள். பெரிய வீட்டுக்கு 1 கூடை கழியும். மீதி 5. சின்ன வீட்டுக்கு 4 கூடை கழியும். மீதி ஒன்றுமில்லை!

குப்பை மாறவில்லை. கணக்குதான் மாறியது.

உலகத்துக்கும் இப்படி ஒரு குப்பை வண்டி உண்டு. நாம் விடும் கரியமில வாயுவில் பாதி அளவைக் கடலும் காடும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன. 1990இல் அமெரிக்காவின் உலக வள நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. அது முதல் வழியில் கணக்குப் போட்டது. பூமியை அதிகம் சூடாக்கும் 5 நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்றது.

தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வால், சுனிதா நாராயண் இருவரும் இதை ஏற்கவில்லை. அதே புள்ளிவிவரத்தை எடுத்து, ஆள் கணக்கில் வகுத்தார்கள். கடலும் காடும் பணக்கார நாட்டுக்கு மட்டும் சொந்தமா என்று கேட்டார்கள். அவர்கள் கணக்கில் இந்தியாவின் மீதி, ஒன்றுமில்லை. 1991இல் இது சிறு புத்தகமாக வந்தது. ஏழை வயிற்றுக்காக விடும் வாயுவும், கார் சவாரிக்காக விடும் வாயுவும் ஒன்றல்ல என்றும் அதில் எழுதினார்கள்.

வயிறு என்றதும் நெல் ஞாபகம் வருகிறது. தண்ணீர் நிற்கும் வயலில் மீத்தேன் என்ற வாயு வரும். அதுவும் பூமியைச் சூடாக்கும். இந்திய வயல்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் வருகிறது என்றது ஒரு அமெரிக்க மதிப்பீடு. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானி ஏ. பி. மித்ராவும் மற்றவர்களும் 1991இல் வயல்களுக்கே போய் அளந்தார்கள். வந்தது சுமார் 40 லட்சம் டன். நம் ஊரில் சேற்றில் நிற்கும் பெண்கள் மேல் எவ்வளவு பெரிய பழி!

பிறகு என்ன ஆயிற்று? 1992இல் ரியோ நகரில் நாடுகள் கூடின. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அளவு வேறு என்று ஒப்புக்கொண்டன. 1997இல் கியோட்டோ ஒப்பந்தம், பணக்கார நாடுகள் மட்டும் வாயுவைக் குறைக்க வேண்டும் என்றது. 2001இல் அமெரிக்கா அதைக் கைவிட்டது. 2015இல் பாரிஸ் ஒப்பந்தம். அதில் ஒவ்வொரு நாடும் தன் அளவைத் தானே சொல்லலாம். ஆள் கணக்கு அதில் சேரவில்லை.

இன்று மொத்தக் கரியமில வாயுவில் இந்தியா 3ஆம் இடம். ஆளுக்குப் பார்த்தால் சுமார் 2 டன். அமெரிக்காவில் சுமார் 14 டன்.

எனக்கு ஆள் கணக்குதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் அதை நாட்டின் எல்லையோடு நிறுத்திவிடுகிறார்கள். 4 ஏசி ஓடும் தில்லி பங்களாவுக்கும், ஒரு மின்விசிறி சுற்றும் நம் அறைக்கும் சேர்த்துத்தான் அந்த 2 டன். பங்களா நம் தலைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

அடுத்த வகுப்புக்கு மின்சார பில்லைக் கொண்டு வாருங்கள். அதில் யூனிட் என்று ஒரு எண் இருக்கும். வீட்டில் எத்தனை பேரோ, அத்தனையால் வகுத்துப் பார்ப்போம். பங்களாக்களில் வேலை செய்யும் அக்காக்கள், முடிந்தால் அங்கே எத்தனை பேர், எத்தனை ஏசி என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.