உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கடல் பாசி

(எண்ணூர் – திருவொற்றியூர் பகுதிக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு குழு கடன் மனு கொடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்ணாடித் தொட்டியில் கடல் மீனும் கடல் பாசியும் வளர்த்து விற்கலாம், அதற்குக் கடன் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குழுவின் ஊக்குநர் அக்கா எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க: "நாம கடல் ஓரத்துலயே இருக்கோம். தண்ணி சும்மா கிடைக்குது, பாசி பாறையில சும்மா கிடக்குது. நமக்கு என்ன பெரிய செலவு?" அன்றைக்கு எங்களால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்றோம். இன்றைக்கு அந்தப் பதில்.

முதலில், தொட்டியில் பாசி எதற்கு? அழகுக்கு மட்டும் இல்லை. மீன் தின்கிறது, கழிக்கிறது. அந்தக் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். தண்ணீரில் இருக்கிற நல்ல கிருமிகள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த நைட்ரேட் உடனே கொல்லாது, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். பாசிக்கு அதுதான் உரம். நம் வீட்டில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் வாழையும் சேம்பும் வைக்கிறோமே, அதே வேலைதான். வாழை தழைக்கும், அழுக்குத் தண்ணீர் தேங்காது.

ஆனால் ஒன்று கவனியுங்க. பாசி வளர்ந்தால் மட்டும் போதாது, வாரா வாரம் ஒரு பிடி அறுத்து வெளியே எடுக்கணும். அறுக்காமல் விட்டால் அடியில் இருப்பது வெளிச்சம் படாமல் அழுகி, குடித்த உரத்தையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே கக்கிவிடும்.

தொட்டிக்குச் சரிப்படுகிற பாசி என்று பார்த்தால், கீட்டோமார்ஃபா முதலில் வரும். சிக்கிப்போன பச்சை நரம்பு வலை உருண்டை மாதிரி இருக்கும், வேர் கிடையாது, சும்மா மிதக்கவிட்டாலே வளரும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லது. கஞ்சிப் பாசியும் வைக்கலாம். உல்வா என்று ஒன்று, பச்சை பாலித்தீன் தாள் கிழிந்த மாதிரி. (பயிற்சியில் அந்தப் பேரைச் சொன்னதும் ஒரு தங்கச்சி, "அல்வாவா?" என்று கேட்டு அரை மணி நேரம் யாருக்கும் பாடம் ஓடவில்லை.) நம் தூண்டில் வளைவுப் பாறைகளில் வழுக்கிவிடுகிற பச்சை எல்லாம் இந்த வகையறாதான். அப்புறம் காலர்ப்பா. சின்னச் சின்னப் பச்சைத் திராட்சைக் கொத்து மாதிரி, இறகு மாதிரி எல்லாம் வரும். பார்க்க இதுதான் அழகு. தொல்லையும் இதில்தான் அதிகம்.

இனி "தண்ணி சும்மா கிடைக்குது" என்ற பேச்சு. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் அலுவலகத்தில் அறுபது லிட்டர் தொட்டி ஒன்று வைத்தோம். படகுகள் நிற்கிற கரையிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினோம். மூன்றாம் நாள் நாற்றம் எடுத்தது. நான்காம் நாள் பாசி வெளுத்தது. பிறகுதான் கேனை வெயிலில் சாய்த்துப் பார்த்தோம், மேலே டீசல் வானவில் மாதிரி மிதக்கிறது. குற்றம் எங்களுடையது, பார்த்துப் பிடித்திருக்க வேண்டும்.

நம் கடல் என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. வாளி வாளியாக அள்ளினது எல்லாரும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் புகுந்து, படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுத்துப்போனது. அந்தத் தண்ணீரில் வளர்கிற பாசி என்ன செய்யும்? தொட்டியில் நமக்கு நல்லது செய்கிற அதே குணத்தால் அங்கே கெட்டதையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாக்கடை கலக்கிற இடத்தில்தான் உல்வா செழிப்பாக வளரும். தொழிற்சாலைக் கழிவில் வருகிற உலோகங்களையும் பாசி தன் உடம்பில் சேர்க்கும். ஆகையால் கழிமுகப் பாறையில் சுரண்டின பாசியைத் தொட்டியில் போடாதீங்க, கோழிக்கும் போடாதீங்க, யாராவது சத்து என்று சொன்னாலும் வாயில் வைக்காதீங்க.

அப்படியென்றால் தண்ணீருக்கு என்ன வழி? கடைகளில் கடல் உப்புக் கலவை விற்கிறது. சமையல் உப்பு அதற்கு ஈடாகாது, கடல் நீரில் உப்போடு மக்னீசியம், கால்சியம் என்று பலதும் இருக்கிறது. ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கணக்கு. அறுபது லிட்டர் தொட்டிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஆகும். பால் சொசைட்டியில் பால்மானி வைத்துப் பார்ப்பது போல இதற்கும் ஒரு மானி உண்டு. அதில் 1.025 காட்டினால் கடல் அளவு. தொட்டியில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. ரசம் சுண்டினால் உப்புக் கரிக்கும் இல்லையா? அதனால் வற்றினதற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றணும், திரும்ப உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதைத் தெரியாமலே பல தொட்டிகள் கெட்டுப்போகின்றன.

தொட்டி வைத்த உடனே மீன் விடக்கூடாது. நல்ல கிருமி உண்டாக நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். வெளிச்சத்துக்கு வெள்ளை எல்.இ.டி. விளக்கு, தினம் பத்து மணி நேரம் எரியணும். சூடு 28 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. தகரக் கூரை வீட்டில் மே மாதத்தில் அது நடக்கிற காரியமா என்று நீங்களே யோசித்துப் பாருங்க. ராத்திரியில் பாசியும் மீனும் ஒரே ஆக்சிஜனுக்குப் போட்டி போடும். அப்போது கரண்ட் போய்க் காற்று மோட்டார் நின்றால் விடியும்போது மீன் மல்லாந்து கிடக்கும். அனல் மின் நிலையத்துப் புகையை நாம் சுவாசிக்கிறோம், கரண்ட் கட்டும் நமக்குத்தான். இன்னொன்று, ஒயரைப் பிளக்குக்குக் கீழே தொங்குகிற மாதிரி வளைத்து விடுங்க. உப்புத் தண்ணீர் ஒயர் வழியே வடிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. குழந்தைகள் இருக்கிற வீடு, மறந்துடாதீங்க.

காலர்ப்பா பற்றி சொல்ல வந்தோம். எங்கள் இரண்டாவது தொட்டியில் அதை வைத்தோம். கொத்துக் கொத்தாக வளர்ந்ததைப் பார்த்து எங்களுக்குப் பெருமை, அறுக்க மனசு வரவில்லை. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் தண்ணீர் மோர் மாதிரி கலங்கியிருக்கிறது, பாசி கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அது தன் இனப்பெருக்கச் செல்களை ஒரே ராத்திரியில் வெளியே விட்டுவிட்டுச் செத்துப்போகிற சுபாவம் உள்ளதாம். மீன் இரண்டு மிதந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 1984ல் ஐரோப்பாவில் மொனாக்கோ என்ற ஊரில், கடல் அருங்காட்சியகத்துக்கு முன்னால், காலர்ப்பாவில் ஒரு வகை சின்னப் பாய் அளவுக்குப் படர்ந்திருந்ததைப் பார்த்தார்கள். தொட்டியில் வளர்த்த பாசி. கிள்ளிப்போட்ட துண்டுகூட முளைக்கும். படகு நங்கூரத்திலும் வலையிலும் ஒட்டி ஒட்டி மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பரவி, அங்கே இருந்த கடல் புல்லை மூடியது. 2000ல் அமெரிக்காவில் கலிபோர்னியா கழிமுகம் ஒன்றிலும் அது தெரிந்தது. அங்கே கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, 2006ல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பல கோடி ரூபாய் செலவு.

நம் பக்கத்திலும் பாடம் இருக்கிறது. மண்டபம், பாம்பன் பக்கம் கண்டுணர்வுச் சுற்றுலா போனோம் அல்லவா? வந்த அக்காமார்களுக்குத் தெரியும். கப்பாஃபைகஸ் என்ற பாசி வெளிநாட்டிலிருந்து வந்தது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கிற கராஜீனன் அதிலிருந்து எடுக்கிறார்கள். மூங்கில் மிதவையில் கட்டினால் 45 நாளில் அறுவடை. அதனால் ஆளுக்கு 45 மிதவை, தினம் ஒன்று அறுப்பது என்று சுய உதவிக் குழுப் பெண்களே செய்தார்கள். நல்ல வருமானம் வந்த காலம் உண்டு. 2013ஐ ஒட்டிக் கடல் சூடாகிப் பாசி கூட்டமாகச் செத்தது, விளைச்சல் படுத்துவிட்டது. பாசி செத்தாலும் தவணை தேதி தள்ளிப்போகாது. இன்னொரு பக்கம், 2008ல் குருசடைத் தீவருகே அந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது கட்டுக்குள் இருக்கும் என்று சொல்கிற விஞ்ஞானிகளும் உண்டு, அந்த விவாதம் பெரிது. எங்கள் எண்ணம், துண்டு விழுந்தால் முளைக்கிற எதையும் கடலில் விடுமுன் பத்து தடவை யோசிக்கணும்.

பாம்பனில் இயற்கையாக வளர்கிற மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிற பெண்களையும் பார்த்தோம். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்கி எடுக்கிறார்கள். இரும்பால் சுரண்டுவதில்லை, கையால் பிய்ப்பார்கள், வேர்ப்பிடி பாறையிலேயே இருக்கும். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே பேசி வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்காகப் பேசிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015ல் சீகாலஜி விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குக் கடல் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு அந்த 12 நாள் கணக்கைச் சொல்லுங்க.

சரி, மனுவுக்கு வருவோம். எங்கள் கருத்தைத் திறந்து சொல்கிறோம், குழு கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்போதைக்குக் கடன் வேண்டாம். கொளத்தூர் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் நல்ல தண்ணீர் மீன். கடல் தொட்டி வைக்கிற வீடுகள் குறைவு, பாசி மட்டும் வாங்குகிறவர் அதிலும் குறைவு. குழுவின் பொதுச் சேமிப்பிலிருந்து ஒரே ஒரு தொட்டி வையுங்க. கீட்டோமார்ஃபா ஒரு பிடி, மீன் இரண்டு, அவ்வளவுதான். பவளக் கல், கடல்குதிரை யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. வன உயிரினச் சட்டத்தில் 2001லிருந்து தடை, மாட்டினால் குழுவின் பெயர்தான் கெடும். ஆறு மாதம் நோட்டில் எழுதுங்க: உப்புக்கு எவ்வளவு, கரண்டுக்கு எவ்வளவு, எத்தனை பிடி பாசி அறுத்தோம், யார் கேட்டார்கள், என்ன விலைக்குக் கேட்டார்கள். கடைக்காரரிடம் விற்கப் போகும் முன்னே விலை பேசுங்க, தொட்டி நிரம்பின பிறகு பேசினால் அவர் சொன்னதுதான் விலை.

அறுத்த பாசியையும் மாற்றின தண்ணீரையும் என்ன செய்வது என்று அத்திப்பட்டு அக்கா கேட்டாங்க. பக்கிங்காம் கால்வாயிலோ கொசஸ்தலை ஆற்றிலோ கொட்டாதீங்க. பாசியைச் சாக்கில் பரப்பி வெயிலில் மொறுமொறு என்று காய வைத்துக் குப்பையில் போடுங்க. தண்ணீரை ஒரு மூடி பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் வைத்து, செடி இல்லாத தரையில் ஊற்றுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வாங்க. அதை வைத்துக்கொண்டு கடன் மனுவை மறுபடி பேசுவோம்.