85 மீட்டர் ஏறாத வெடி: கற்பனை எண்ணை வைத்துக் காரணிப்படுத்துவது எப்படி?

விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில பல வருஷம் மாநிலத்துல முதலிடம் வாங்கினது உங்களுக்குத் தெரியும். மார்க் எடுக்கிறதுல நம்ம பிள்ளைங்க குறை வைக்கிறதில்லை. ஆனா கலப்பு எண்கள் பாடம் ஆரம்பிச்சா என் வகுப்புல வருஷா வருஷம் ஒரு கேள்வி வரும்: "சார், இல்லாத எண்ணை எதுக்குப் படிக்கணும்?" நியாயமான கேள்வி. பதில் சொல்லாம நகர்ந்தா, அந்தப் பிள்ளை மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடும்.

பதிலுக்கு சிவகாசிக்கே போவோம். ராக்கெட் வேண்டாம், அது மருந்து எரிய எரிய வேகம் மாறும். குழாய்லருந்து கிளம்புற பேன்சி வெடியை எடுத்துக்குவோம். கிளம்பும்போது வேகம் விநாடிக்கு 40 மீட்டர். காற்றுத் தடையை விட்டுடுவோம், புவியீர்ப்பு முடுக்கம் 10னு வச்சுக்குவோம். டி விநாடியில் உயரம் 40டி − 5டி². நாலாவது விநாடியில் 80 மீட்டர், அதுதான் உச்சி.

இப்போ கேள்வி: எப்போ 85 மீட்டரைத் தொடும்? 40டி − 5டி² = 85. எல்லாத்தையும் ஒரு பக்கம் கொண்டுவந்து 5ஆல் வகுத்தா, டி² − 8டி + 17 = 0. பத்தாம் வகுப்புல "மெய் மூலங்கள் இல்லை"னு எழுதி நிறுத்திடுவோம்.

நிறுத்தாம வர்க்கப் பூர்த்தி செஞ்சா, (டி − 4)² + 1. இந்த + 1தான் காரணிப்படுத்த விடாம மறிக்குது. ஐ² = −1 என்பதால் + 1ஐ − ஐ²னு எழுதலாம். உடனே ஏ² − பி² வடிவம் வந்துடுச்சு. காரணிகள்: (டி − 4 + ஐ)(டி − 4 − ஐ). மூலங்கள் 4 ± ஐ.

இது சும்மா குறியீடு இல்லை. மெய்ப்பகுதி 4, உச்சியைத் தொட்ட நேரம். கற்பனைப் பகுதி 1. அதன் வர்க்கத்தை 5ஆல் பெருக்கினா 5. வெடிக்குப் பத்தாம போன உயரமும் அதே 5 மீட்டர்! 100 மீட்டர் கேட்டா மூலங்கள் 4 ± 2ஐ. பற்றாக்குறை 5 × 4 = 20 மீட்டர். சரியா வருது.

ஏன்? உச்சியிலிருந்து டி − 4 விநாடி தள்ளினா வெடி 5(டி − 4)² மீட்டர் கீழே இருக்கும். உச்சிக்கும் மேலே வேணும்னா அந்த வர்க்கம் குறை எண் ஆகணும். ஐ செய்ற வேலை அதுதான்.

ஒன்பதாம் நூற்றாண்டில் 'கணித சார சங்கிரகம்' எழுதிய மகாவீரரே குறை எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாதுன்னுதான் சொன்னார். 1572ல் இத்தாலியில் பாம்பெல்லி அதுக்குக் கூட்டல், பெருக்கல் விதி எழுதினார். ஆக, அந்தப் பிள்ளையோட சந்தேகம் பெரியவங்களுக்கும் இருந்ததுதான்.

பதில் இதுதான்: "முடியாது"ங்கிறதோட நிறுத்தாம, எவ்வளவு குறையுதுன்னும் இந்த எண் சொல்லுது. இன்னைக்கு 90 மீட்டருக்கு நீங்களே போட்டுப் பாருங்க. பற்றாக்குறை 10 வரணும்.