மூடிய கல்மலையும் முதல் மழையும்



காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் தோண்டிய கிடங்குகளை எங்களில் மூத்தவர்கள் அறிவார்கள். 1990இல் போரோடு ஆலை நின்றது. கிடங்குகள் அப்படியே கிடந்தன.

பலெர்மோவின் பில்லியேமி மலையும் சுண்ணக்கல்தான். நகரத்துப் பழைய தேவாலயங்களின் சாம்பல்நிறத் தூண்கள் பல அங்கிருந்து வந்தவை. கல்லெடுத்த இடத்தில் மலை செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கும். களிமண் சரிவுபோல இது வழுகி வராது. வெடிப்புகள் வழியே பாறை பாறையாகக் கழன்று விழும். கோடை முழுவதும் காய்ந்த வெடிப்புகளில் ஒக்டோபர் மழை இறங்கும்போது ஆபத்து அதிகம்.

இதற்கு வழி என்ன? ஆடும் கற்களைத் தட்டி விழுத்தவேண்டும். செங்குத்தைப் படிபடியாக வெட்டவேண்டும். மழைநீருக்கு வாய்க்கால் விடவேண்டும். அதற்குப் பிறகே மண் பரப்பி மரம் நடலாம். மரம் நட்டுப் படமெடுப்பதில் தொடங்குவோரும் உண்டு! 2023 ஜூலையில் பலெர்மோவைச் சூழ்ந்த மலைகள் எரிந்தபோது பற்றைகளும் போயின. வேரில்லாத சரிவில் மண் தங்காது. மண் கரைந்தால் அதில் பதிந்திருந்த கல்லும் உருளும்.

பிள்ளைகளோடு மலைப்பக்கம் போகிறவர்கள், மழைக்கு மறுநாள் வெட்டுமுகத்தின் அடியிலிருந்து சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்காதீர்கள். கீழே புதிதாய் உடைந்த கற்கள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால், உடனே விலகி வாருங்கள்.