வேடர் வராத நாள்: குயில் தோப்பிலிருந்து வில்லியனூர் வரை ஒரு நடை

இந்த எபிசோடில் பாதி நடந்துகொண்டே பதிவு செய்தது. மூச்சு வாங்கிய இடங்களையும் லாரி ஹாரன் அடித்த இடங்களையும் எடிட்டிங்கில் எடுத்துவிட்டோம். படிக்கிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். பாரதியாரின் ‘குயில் பாட்டு’ பள்ளியில் நாலு வரி மனப்பாடப் பகுதியாக வந்திருக்கும், நாமும் ஒப்பித்துவிட்டு மறந்திருப்போம். போன மாதம் அதை முழுசா உட்கார்ந்து படித்தேன். எழுநூறு வரிக்கு மேல் போகிற கதைப்பாட்டு. படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது: அந்தப் பாட்டுக்கு முகவரி இருக்கு. புதுவை நகரத்துக்கு மேற்கே, கொஞ்ச தூரத்தில், ஒரு மாந்தோப்பு என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். சரி, மேற்கே நடந்து பார்ப்போம் என்று கிளம்பினேன். கூட வந்தவர் என் தாய்மாமா. வில்லியனூர்காரர், வயது 62. என்னைவிட வேகமாக நடக்கிறார். அது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு கதை.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீடு இப்போது நினைவு இல்லம். அங்கிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். முத்தியால்பேட்டை வழியாகக் கருவடிக்குப்பம். ஒரு மணி நேரம் ஆகவில்லை. அங்கே சித்தானந்த சுவாமி கோயில் இருக்கு. பாரதி அடிக்கடி வந்த இடம். அந்தக் கோயில் வாசல் விளக்கைப் பற்றித் தனியாக ஒரு பாட்டே எழுதியிருக்கிறார். பக்கத்தில்தான் ‘குயில் தோப்பு’ என்று ஊர் சொல்லும் இடம். முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியாருடைய தோப்பு அது. அவருக்குப் பாரதி வைத்த பட்டப்பெயர் ‘வெல்லச்சு’. ஆள் குள்ளமாக, குண்டாக, வெல்லம் வார்க்கிற அச்சு மாதிரி இருப்பாராம். நண்பருக்கு இப்படிப் பேர் வைத்துவிட்டு, அவர் தோப்பிலேயே போய் உட்கார்ந்து காவியம் எழுதுவதற்கும் ஒரு தைரியம் வேணும்.

இப்போது சுற்றி முழுக்க வீடுகள். மாடித் தண்ணீர்த் தொட்டிகள், கேபிள் வயர், இரண்டு சக்கர வண்டிகள். கடல் காற்று மட்டும் கட்டடங்களைச் சுற்றிக்கொண்டு வருது. நின்று பார்த்தோம். மாமா டீ குடிக்கலாம் என்றார். குடித்தோம்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். பாரதி புதுச்சேரிக்கு வந்தது 1908. ‘இந்தியா’ பத்திரிகைக்காகப் பிரிட்டிஷ் அரசு பிடித்துவிடும் என்ற நிலையில் பிரெஞ்சு எல்லைக்குள் வந்தார். பத்து வருஷம் வெளியே போக முடியவில்லை. புதுச்சேரி வரைபடத்தை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கீங்களா? ஒரே துண்டாக இருக்காது. கிழிந்த துணி மாதிரி, நடு நடுவே தமிழ்நாட்டு கிராமங்கள். அன்றைக்கு அவை பிரிட்டிஷ் தென்னாற்காடு ஜில்லா. நகரத்தைவிட்டு மேற்கே ரெண்டு மூணு மைல் நடந்தால் எந்த வரப்பு பிரெஞ்சு, எந்த வரப்பு பிரிட்டிஷ் என்று தெரிந்து கால் வைக்கணும். தப்பான வரப்பில் கால் வைத்தால் கைது. கடைசியில் அதுதான் நடந்தது: 1918 நவம்பர் 20-ஆம் தேதி புதுவையைவிட்டுக் கிளம்பியவரைக் கடலூர் அருகே பிடித்தார்கள். அப்படி ஒரு வாழ்க்கையில், நாலு நாள் தொடர்ந்து ஒரு தோப்புக்குப் போய்வருகிற ஆள்தான் இந்தப் பாட்டின் நாயகன். எனக்கு இது படித்தபோது தெரியவில்லை, நடந்தபோதுதான் உறைத்தது. நாங்கள் அன்றைக்கு மாநில எல்லையை எத்தனை முறை தாண்டினோம் என்று எண்ணுவதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். மாமாவுக்குப் பெட்ரோல் பங்கையும் ஒயின் ஷாப்பையும் பார்த்தே எது எந்த மாநிலம் என்று தெரியுது.

கோரிமேடு தாண்டி மேட்டுப்பாளையம். லாரிகள், தொழிற்பேட்டை, தூசு. இந்தப் பகுதியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். வழியில் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன், ஏனென்றால் மாமா அதைப் படித்ததில்லை.

கதை: ஒருவன் தோப்பில் ஒரு குயில் பாடுவதைக் கேட்கிறான். குயிலுக்கு மனிதப் பேச்சு வருது. காதலிக்கிறேன், நாலாம் நாள் வா என்கிறது. இவனால் பொறுக்க முடியவில்லை, மறுநாளே போகிறான். போனால் அது ஒரு குரங்கிடம் அதே காதல் வசனத்தைப் பேசிக்கொண்டிருக்கு. அடுத்த நாள் ஒரு காளைமாட்டிடம். நாலாம் நாள் அதுவே தன் முற்பிறவிக் கதையைச் சொல்கிறது. வேடர் தலைவனின் மகள், பெயர் சின்னக்குயிலி. ஒரு சேர இளவரசன். அவளுக்காகப் போட்டி போட்ட ரெண்டு பேர், அதில் ஒருவன் மாமன் மகன். அந்த ரெண்டு பேரும்தான் இப்போ குரங்கும் மாடும்.

மாமா கேட்டதும் சொன்னது: “பொட்டக்குயில் எங்கம்மா பாடும்? பாடுறது ஆண் குயில்தான்.”

அது உண்மை. பறவையியல்படி மாமா பக்கம்தான் நியாயம். ‘கூ... கூ...’ என்று ஏறிக்கொண்டே போகும் அந்தக் குரல் கறுப்பாக இருக்கிற ஆணுடையது. பெண் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அது ‘கிக் கிக் கிக்’ என்று வேகமாகக் கத்தும், அவ்வளவுதான். முட்டையைக் காக்கைக் கூட்டில் வைத்துவிட்டுப் போகும். பாரதிக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா, தெரிந்தே விட்டாரா என்று விவாதம் பண்ணலாம். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. கடைசியில் கதை மொத்தமும் கலைந்து, பழைய சுவடியும் பத்திரிகைக் குவியலும் பழம்பாயும் சுற்றியிருக்க, வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று கதாநாயகன் தெரிந்துகொள்கிறானே. கனவில் எந்தக் குயிலும் பாடலாம். போகட்டும், அந்தக் குயில்தான் இன்றைக்குப் புதுச்சேரியின் மாநிலப் பறவை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒரு வரி. மனப்பாடப் பகுதியில் அதை யாரும் நிறுத்திச் சொல்லித் தந்ததில்லை. அந்தத் தோப்பு எப்படிப்பட்டது என்று பாரதி சொல்கிறார் தெரியுமா? சுற்றுவட்டாரத்து வேடர்கள் வந்து பறவை சுடுவதற்கு வாகான தோப்பு. அதுதான் அறிமுகம். குயில் பாடினது, ஏதோ விசேஷத்துக்காக வேடர்கள் வராத ஒரு நாளில். அதாவது துப்பாக்கிக்கு லீவு விட்ட அன்றைக்கு. அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் பாட்டே இல்லை.

இதைச் சொல்லி முடித்தபோது ஊசுடு ஏரிக் கரையில் ஏறிவிட்டோம். மணி பத்தரை இருக்கும். புதுச்சேரி வட்டாரத்தின் 84 ஏரிகளில் இதுதான் பெரியது. அடுத்தது பாகூர் ஏரி. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இங்கே வரும். ஏப்ரல் மாதம் என்பதால் தண்ணீர் உள்வாங்கி, கரையோரம் வெடித்த சேறு. குளிர்காலத்து வாத்துகள் ஊர் திரும்பியாச்சு. நத்தைகுத்தி நாரைகள் நின்றன, நீர்க்காகங்கள் பட்டுப்போன மரத்தில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன.

மாமா அங்கேதான் வாயைத் திறந்தார். சின்ன வயதில் இந்த ஏரியில் நாமக்கோழிக்குக் கண்ணி வைத்தவர் அவர். “நாங்க நாலஞ்சு பேரு. விடிகாலையில வந்து கண்ணி எடுப்போம். வீட்டுக்கு ரெண்டு, சாராயக்கடை வாசல்ல வித்தா மிச்சம். அப்போ அது தப்புன்னு எவனும் சொல்லல.” 1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது மாமா என்றேன். “சட்டம் டெல்லியில வந்திருக்கும்மா. வில்லியனூருக்கு பஸ்ஸு கெடைக்கல போல” என்றார்.

அவர் சொல்வதில் கிண்டல் பாதி, கணக்கு பாதி. இந்த ஏரியின் நடுவிலேயே மாநில எல்லை ஓடுது. புதுச்சேரிப் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 2008-ல். தமிழ்நாட்டுப் பகுதி சரணாலயமானது 2014-ல். நடுவில் ஆறு வருஷம். ஒரே தண்ணீர், ஒரே நாமக்கோழி. கிழக்கே மிதந்தால் சரணாலயப் பறவை, மேற்கே மிதந்தால் வெறும் பறவை. பாரதிக்கு இருந்த அதே வரப்புப் பிரச்சினை.

கண்ணி வைப்பதை எப்போ விட்டீங்க என்று கேட்டேன். பெரிதாக மனம் மாறின கதை வரும் என்று ஃபோனை நீட்டிக்கொண்டு நின்றேன். “கம்பெனி வேலை கெடைச்சுது. காலையில ஷிப்டு. நேரம் இல்ல” என்றார்.

பத்துக்கண்ணு வந்து தெற்கே திரும்பினால் வில்லியனூர் ரோடு. வெயில் நேர் மேலே. ரெண்டு இளநீர், ஒரு புளியமர நிழல், அரை மணி நேரத் தூக்கம். அதன் பிறகு வயல்கள் கொஞ்சம், பிளாட் போட்டு வெள்ளைக் கல் நட்ட இடங்கள் நிறைய. ‘நகர்’ என்று முடிகிற பெயர்ப் பலகைகள். முன்னாடி என்ன தோப்பு இருந்ததோ அதன் பெயரையே நகருக்கு வைத்துவிடுகிறார்கள்.

மூணரை மணிக்கு மாமாவின் தோப்பு. அம்மா வழிச் சொத்து, ஒன்றரை ஏக்கர் சொச்சம், மாமரங்களும் ஓரத்தில் பனையும். இதைப் பற்றிப் பேசத்தான் மாமா என்கூட இவ்வளவு தூரம் நடந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விற்கப் போகிறார். விலை பேசியாச்சு. அம்மா பங்குக்கு அம்மாவின் கையெழுத்து வேணும். அம்மா என்னைக் கேட்டுத்தான் போடுவார் என்று மாமாவுக்குத் தெரியும்.

நான் வேண்டாம் என்றேன். நாள் முழுக்கக் குயில் பாட்டு பேசிக்கொண்டு வந்தவள் வேறு என்ன சொல்வாள்? மாமா கோபப்படவில்லை. மரங்களைக் காட்டினார். 2011 டிசம்பர் 30, தானே புயல். பதினோரு மரம் வேரோடு சாய்ந்தது. அந்தக் குழிகள் இன்னும் மேடு தட்டாமல் கிடக்கு. போன ஃபெஞ்சலில், 2024 நவம்பர் 30, ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேலே மழை கொட்டினபோது நாலு நாள் முழங்கால் தண்ணீர் நின்று இன்னும் மூணு மரம் பட்டுப்போச்சு. “குத்தகைக்கு எடுக்கிறவன் பூவைப் பார்த்துட்டு வெலைய கொறைக்கிறான். உன் மாமா பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் காலேஜ் ஃபீஸ் இருக்கு. நீ சென்னையில இருக்க. மரம் வைக்கிறதுக்கு யாரு இருக்கா, சொல்லு?”

பாரதி காலத்திலும் புயல் வந்தது மாமா என்று ஆரம்பித்தேன். வந்தது உண்மைதான்: 1916 நவம்பர் 22, புதன்கிழமை இரவு. புதுவையில் அழிந்த மரங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். பிழைத்து நின்ற ஒரு சின்னத் தென்னந்தோப்பைப் பற்றியும் தனியாக எழுதியிருக்கிறார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவரு தோப்பு வாங்கினாரா?”

“இல்ல.”

“வெல்லச்சு செட்டியாரு வச்ச தோப்புல உக்காந்து பாடினாரு. அவரை யாரும் தண்ணி பாய்ச்சச் சொல்லல. அதுவும் சரிதான், பாடுறவரு பாடணும். ஆனா செட்டியாருக்கு அந்த வருஷம் என்ன மகசூலுன்னு பாட்டுல இருக்கா?”

இல்லை. தேடினாலும் கிடைக்காது.

என்னிடம் பதில் இருந்தால் இங்கே சொல்லியிருப்பேன். அன்றைக்கு நான் சொன்னது ஒன்றுதான்: ஆவணி வரைக்கும் கையெழுத்தைத் தள்ளிப் போடுங்க. இந்தக் காய்ப்புக்கு குத்தகைக்கு விடாதீங்க, நானும் என் நண்பர்கள் நாலு பேரும் நேரடியாகப் பழம் எடுத்துக்கொள்கிறோம். குத்தகைக்காரர் சொன்னதைவிட எவ்வளவு கூட வருது என்று பார்ப்போம். ஃபீஸுக்கு அது போதாது என்று ரெண்டு பேருக்கும் தெரியும். பழுதுபோன மரத்துக்குப் பதிலாக எத்தனை கன்று வைக்க முடியும் என்றாவது தெரியும். மாமா “பாக்கலாம்” என்றார். புதுச்சேரியில் ‘பாக்கலாம்’ என்பதற்கு ஆம், இல்லை என்ற ரெண்டு அர்த்தமும் உண்டு. அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. அத்தை பாகூர்க்காரர்; ஏரிப் பாசன ஊரில் பிறந்தவர்களுக்கு மானாவாரித் தோப்பு என்றாலே இளக்காரம்.

நாலே முக்கால் இருக்கும், கிணற்றடி மரத்தில் ஒன்று ஆரம்பித்தது. நாள் முழுக்க அதைத் தேடித்தான் நடந்தோம். வழியெல்லாம் எங்கெங்கோ தூரத்தில் கேட்டதே தவிர, பக்கத்தில் கேட்டது இங்கேதான். ஃபோனை எடுத்து நாற்பது செகண்ட் பதிவு செய்தேன். இந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் ஆடியோவில் முதல் சத்தம் அதுதான். ஆண் குயில். பதினெட்டாவது செகண்டில் ‘ஹே, ஹேய்’ என்று ஒரு குரல் கேட்கும். அது மாமா. குயிலைத் துரத்திக்கொண்டு வந்த காக்கையை விரட்டுகிறார்.

(ஒலிப்பதிவு, 40 விநாடி)