சிவப்பு மையால் எழுதிய பாடம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

'அயல்நாட்டுக் கல்வியும் மொழியும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கடல்கடந்து கற்றவர் பலர். அவர்கள் பெற்ற பட்டங்களை நாம் அறிவோம். ஆனால் எந்த அறையில் உறங்கினார்கள், எதை உண்டார்கள், வகுப்பில் விளங்காத சொல்லை என்ன செய்தார்கள் என்பனவற்றை அறிவது அரிது. அவற்றையும் எழுதிவைத்தவர் நவீனச் சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சுன். அவருடைய மாணவப் பருவத்தையே இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

1881-இல் ஷாவோசிங் நகரில் பிறந்த அவருக்கு மாணவப் பருவத்தில் வழங்கிய பெயர் சௌ ஷூரென். நான்கிங்கில் சுரங்கக் கல்வி பயின்றபின், 1902-இல் அரசின் உதவித்தொகையுடன் ஜப்பான் சென்றார். தோக்கியோவின் கோபுன் கல்விக்கூடத்தில் ஏறத்தாழ ஈராண்டுகள் ஜப்பானிய மொழி கற்றார்.

சீன மாணவருக்கு ஜப்பானியம் எளிதென்று நமக்குத் தோன்றலாம். அம்மொழியின் எழுத்துகளில் பெரும்பகுதி சீனத்திலிருந்து சென்றதன்றோ? ஆனால் கண்ணுக்குப் பழகிய எழுத்து அங்கே காதுக்குப் பழகாத ஒலியாக வரும். சீனம் வினையைத் தொடரின் நடுவே வைக்கும். ஜப்பானியமோ நம் தமிழைப் போல வினையை இறுதியில் வைக்கும். பெயர்க்குப் பின்னே நம் வேற்றுமை உருபுகள் போன்ற இடைச்சொற்களை ஒட்டும். ஆகவே அச்சிட்ட நூலைப் பார்த்துப் பொருளை ஊகித்துவிடலாம். ஒருவர் பேசப் பேசக் கேட்டு எழுதுவது முற்றிலும் வேறு.

அந்த வேறுபாட்டை அவர் 1904-இல் வடபகுதி நகரான சென்டாயில் உணர்ந்தார். தந்தையின் நோயையும் மறைவையும் இளமையிலேயே கண்டவர். மருத்துவம் கற்க விரும்பி அங்குள்ள மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியில் வேறு சீன மாணவர் இல்லை. முதலில் தங்கிய விடுதி சிறைச்சாலைக்கு அருகில் இருந்தது. கொசுத்தொல்லை தாளாமல் உடல் முழுதும் போர்த்தி, மூச்சுவிட மூக்கை மட்டும் வெளியே வைத்து உறங்கினாராம். அந்த விடுதியே சிறைக்கைதிகளுக்கும் உணவு தந்ததால், அங்கே தங்குவது தகாதென்று ஒருவர் வற்புறுத்த, வேறிடம் மாறினார். புதிய இடத்தில் நாள்தோறும் சேம்பின் தண்டுச் சாறு. அது தொண்டைக்குள் இறங்கவில்லை.

உடற்கூற்றியல் கற்பித்தவர் ஃபுஜினோ கென்குரோ. உடையில் கருத்தில்லாதவர், கழுத்துப்பட்டை அணியக்கூட மறந்துவிடுவார். அவர் ஒருநாள் லூ சுன்னை அழைத்து, பாடத்தைக் கேட்டு எழுத முடிகிறதா என்று வினவினார். ஓரளவு முடிகிறது என்றார் மாணவர். ஏட்டைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு மூன்று நாட்களில் ஏடு திரும்பியது. முதலிலிருந்து இறுதிவரை சிவப்பு மையால் திருத்தம்! விடுபட்ட பாடம் சேர்க்கப்பட்டிருந்தது, மொழிப்பிழைகளும் திருத்தப்பட்டிருந்தன. அவர் கற்பித்த பாடங்கள் முடியும்வரை இது தொடர்ந்தது.

ஒருமுறை, கையின் இரத்தக்குழாய் ஒன்றைச் சற்றே இடம்மாற்றி வரைந்திருந்தார் மாணவர். இப்படி வரைந்தால் அழகுதான், ஆயினும் உடற்கூற்றுப் படம் ஓவியமன்று என்று ஆசிரியர் பரிவோடு எடுத்துரைத்தார். மாணவர் வாயால் ஒப்புக்கொண்டு, உள்ளத்தில் ஒப்பவில்லை. கவிஞர்கள் இவ்விடத்தில் புன்னகை செய்வீர்கள் என அறிவேன்.

ஆண்டுத்தேர்வில் 142 பேரில் 68-ஆம் இடம் பெற்றார். உடற்கூற்றியலில் தேர்ச்சிபெறவில்லை. ஆயினும் ஃபுஜினோ ஏட்டில் வினாக்களுக்குக் குறியிட்டுத் தந்தார் என்று சக மாணவர் சிலர் பழி சுமத்தினர்; பெயரிடாத கடிதமும் வந்தது. சீனர் ஒருவர் நடுவிடம் பெறுவதுகூட அவர்களுக்கு நம்பத்தக்கதாக இல்லை. பின்னர் வகுப்பில் ருஷ்ய-ஜப்பானியப் போர்ப் படங்கள் காட்டப்பட்டன. உளவாளி என்று ஒரு சீனர் கொல்லப்படுவதையும், அதனைச் சீனரே சூழ்ந்து வேடிக்கை பார்ப்பதையும் கண்டார். உடலைக் குணப்படுத்துவதினும் உள்ளத்தைத் திருத்துவதே முதற்பணி எனத் தெளிந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். 1906-இல் மருத்துவத்தைத் துறந்தார்.

பிரியுமுன் ஃபுஜினோ தம் படத்தைத் தந்தார். லூ சுன் அவருக்குக் கடிதம் ஒன்றுகூட எழுதவில்லை. ஆனால் அப்படத்தைப் பெய்ஜிங்கில் தம் எழுதுமேசைக்கு எதிரே மாட்டிவைத்திருந்தார். 1926-இல் ஆசிரியரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஏடுகள் தொலைந்தன என்று அதில் வருந்தினார். 1936-இல் அவர் மறைந்தபின் அவை கிடைத்தன. இன்று பெய்ஜிங் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஃபுஜினோவோ, தாம் செய்தது மிகச் சிறிய உதவியே என்னும் பொருள்பட எழுதினார்.

அன்பர்களே, நானும் சிவப்பு மை கொண்டு பிழைப்பவள். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் மாணவி ஒருவர் என்னிடம் தமிழ் பயின்றார். அவருடைய கட்டுரை ஏட்டில் 'ஒளி' வரவேண்டிய இடத்தில் 'ஒலி' இருந்தது. அவ்வாறு பதினேழு இடங்களை வட்டமிட்டு, 'பிழை மிகுதி' என்று அடியில் எழுதினேன். சரியான சொல்லை ஓரிடத்திலும் எழுதித் தரவில்லை. அதன்பின் அவர் ஏட்டை என்னிடம் தரவேயில்லை. கேட்டபோது வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார். நான் மறுமுறை கேட்கவில்லை. அக்கட்டுரை எதைப் பற்றியது என்பது இன்று எனக்கு நினைவில்லை. பதினேழு என்னும் எண் மட்டும் நினைவில் நிற்கிறது. அவர் அயல்நாட்டுக்குச் செல்லவில்லை. என் வகுப்பையே அவருக்கு அயல்நாடாக்கியவள் நான்.

ஃபுஜினோவின் மையும் என் மையும் ஒரே நிறம். அவர் விடுபட்டதைச் சேர்த்தார். நான் வட்டமிட்டதோடு நின்றேன். அவர் மாணவர் மருத்துவர் ஆகவில்லை என்பதால் அந்தத் திருத்தம் வீணாயிற்று என யாரும் சொல்லமாட்டார்.

இவ்வட்டத்தின் கூட்டங்களில் இளங்கவிஞர் பலர் முதன்முறையாகத் தம் படைப்பை வாசித்திருக்கின்றனர். சிலர் மறுமுறை வரவில்லை. பத்தாண்டு நிறைவில் அவர்களையும் நினைவுகூர்தல் தகும். ஒரு சொல் பொருந்தவில்லை என்று சொல்பவர், அங்கே வரவேண்டிய சொல்லைத் தேடுவதிலும் துணைநிற்கட்டும். பதினோராம் ஆண்டில் இதனை நம் வழக்கமாக்கிக் கொள்வோம்.